கோடுகளும் கேள்விக்குறிகளும்: பொன்னியின் செல்வனைக் கற்பிக்கக் கதைமாந்தர் வரைபடம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாரம் ஒரு முறை படித்த வாசகர்களுக்குக் கதைமாந்தரோடு பழக ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஐந்து பாகங்களையும் சில வாரங்களில் படித்து முடிக்க வேண்டிய மாணவர் முதல் பாகத்திலேயே திணறிப் போகிறார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடி, அடுத்த பட்டம் மதுராந்தகனுக்கே என்று பேசுவதை, கதைநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான். மதுராந்தகனுக்கு என்ன உரிமை, சிற்றரசர்களான பழுவேட்டரையர்களுக்கு ஏன் அவன்மேல் இத்தனை அக்கறை என்று தெரியாத மாணவருக்கு அது வெறும் சதிக்கூட்டம்தான்.

இதற்கு மருந்தாகத் தயார் நிலையில் உள்ள வம்சாவளிப் படம் ஒன்றை வகுப்பில் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் அது நாவலின் முடிச்சுகளைப் படிக்கும் முன்பே அவிழ்த்துவிடும். கதைமாந்தர் வரைபடம் பயன் தர வேண்டுமானால் அதை மாணவரே, படிக்கப் படிக்க, திருத்தித் திருத்தி வரைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், குடிவழிக் கோடும் அரசியல் கோடும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தர். அவர் தம்பி அரிஞ்சயர். மதுராந்தகன் கண்டராதித்தரின் மகனாக வளர்ந்தவன். கதைக் காலத்து அரசரான சுந்தர சோழர் அரிஞ்சயரின் மகன். பட்டத்துப் போட்டியின் வேர் இங்கே இருக்கிறது. அடுத்து மண உறவுகளைச் சேர்த்தால் படம் பேசத் தொடங்கும். சின்னப் பழுவேட்டரையரின் மகளை மணந்தவன் மதுராந்தகன். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனுக்குத் தாய்வழிப் பாட்டன் திருக்கோவலூர் மலையமான். இளைய மகன் அருள்மொழிவர்மனை மனத்தில் வைத்திருக்கும் வானதி கொடும்பாளூர்ப் பெண். ஒவ்வொரு கட்சிக்கும் பின்னால் ஓர் உறவுமுறை நிற்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கோட்டின் மேலும் பாகமும் அத்தியாயமும் குறிக்கப்பட வேண்டும். கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியின் மகன் யார் என்ற கேள்விக்கு முதல் பாகத்தில் கிடைக்கும் விடை வேறு, ஐந்தாம் பாகத்தில் கிடைக்கும் விடை வேறு. பழைய கோட்டை அழிக்காமல் அடித்துவிட்டு, சேந்தன் அமுதனை நோக்கிப் புதுக் கோடு போடும் மாணவர், கல்கி எந்தச் செய்தியை எவ்வளவு காலம் மறைத்து வைத்தார் என்பதைத் தம் தாளிலேயே பார்க்கிறார்.

மூன்றாவது நிபந்தனையே வரலாற்று நாவலுக்கு உரியது: சான்று உள்ளவரையும் கற்பனையில் பிறந்தவரையும் வெவ்வேறு மையில் எழுதுவது. சுந்தர சோழரின் மகள் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அமைச்சர் அநிருத்தரை அன்பில் செப்பேடு காட்டுகிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் படைப்புகள். நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசனின் பெயரோ காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் வரிசையில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, அவர்களுடைய உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கொலைக்குப் பின்னால் வரலாற்றின் மதுராந்தகனான உத்தம சோழன் இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்தனர். நாவலிலும் கொன்ற கை யாருடையது என்பது ஐயமறத் தெளிவாவதில்லை. ஆகவே அந்த இடத்தில் மாணவர் போட வேண்டியது கேள்விக்குறிதான்.

உயிருள்ள மாந்தரை இந்த முறை கட்டங்களுக்குள் அடைத்துவிடும் என்ற மறுப்பு நியாயமானது. நந்தினிக்கும் கரிகாலனுக்கும் இடையே ‘பகை’ என்று எழுதினால் நாவலையே தவறவிட்டதாகும். அங்கே ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, அவள் என்ன செய்தாள், அவன் என்ன செய்தான் என்று இரு திசையிலும் வாக்கியமாக எழுதச் சொன்னால் சிக்கல் பெரிதும் தீரும்.

தேர்விலும் இதற்கு இடம் வேண்டும். ‘வந்தியத்தேவன் – சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்பதைவிட, இரண்டு கோடுகள் விடுபட்ட வரைபடத்தைத் தந்து, அவற்றை நிரப்பி நாவலிலிருந்து காரணம் காட்டச் சொல்லலாம். தமிழ்ப் பாடத்திட்டக் குழுக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.