ஏழு வருஷம் எட்டு மாசம் வாழ்ந்த செனகாம்பியா

ஆப்பிரிக்கா மேப்பில் செனகலைப் பாருங்க. வயித்துக்குள்ள ட்யூப் விட்ட மாதிரி ஒரு ஆறு, அதன் இரு கரையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி நாடு. அதுதான் காம்பியா. பெரும்பாலான இடங்களில் அகலம் 50 கிலோமீட்டர்கூட வராது.

ரெண்டு பக்கமும் வொலோஃப், மாண்டிங்கா பேசும் அதே சனங்கதான். ஆற்றைப் பிரிட்டிஷ்காரன் பிடித்தான், சுத்தியிருந்ததைப் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். அதனால் ரெண்டு நாடு.

1981 ஜூலை. காம்பியா அதிபர் ஜவாரா (கால்நடை மருத்துவர், நமக்குப் பங்காளி முறை!) சார்லஸ்-டயானா கல்யாணத்துக்கு லண்டன் போயிருந்தார். இங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. செனகல் ராணுவம் வந்து அடக்கியது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1982 பிப்ரவரி 1-ல் வந்த செனகாம்பியா கூட்டமைப்பு. செனகலின் அப்து தியூஃப் தலைவர், ஜவாரா துணைத்தலைவர். மக்களிடம் வாக்கெடுப்பெல்லாம் கிடையாது.

சிக்கல் சுங்கவரியில். காம்பியா குறைந்த வரியில் சரக்கு இறக்கும். அது கள்ளத்தனமா செனகலுக்குப் போகும். நாட்டு வருமானமே அதை நம்பித்தான். வரியை ஒண்ணாக்கினால் காம்பியா வயித்துல அடி. ஜவாரா இழுத்தடித்தார், தியூஃப் பொறுமை இழந்தார். 1989 செப்டம்பர் 30-ல் கூட்டமைப்பு கலைந்தது.

செனகலின் வடக்கிலிருந்து தெற்கே காசமான்ஸ் போற லாரிகள் காம்பியா ஆற்றில் ஃபெர்ரிக்காக நாள்கணக்கில் நின்றன. அங்கே பாலம் திறந்தது 2019 ஜனவரியில். பாலத்தோட ரெண்டு முனையும் காம்பியாவுலதான் இருக்கு. செனகல் லாரி கட்டணம் கட்டிட்டுத்தான் தாண்டணும்.