ஆவாரம்பட்டையும் பட்டாளத்து பூட்ஸும்

போகியன்னிக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோட ஆவாரம்பூவும் வேணும். எங்க கரிசல்ல, ஓடைக்கரையில யாரும் தண்ணி ஊத்தாமலே மஞ்சளாப் பூத்துக் கிடக்கும். ஆவிரைங்கிற பேர்ல குறிஞ்சிப்பாட்டுலயே இருக்கு. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி இதுக்கு மதிப்பு பூவால இல்லை, பட்டையால.

பட்டையில இருக்கிற துவர்ப்புதான் தோலை அழுகவிடாமப் பதப்படுத்தும். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொட்டிகள்ல இந்தப் பட்டைதான் ஊறுச்சு. 1914-ல முதல் உலகப்போர் வந்ததும், நம்ம ஊர்த் தோல் கப்பலேறி இங்கிலாந்து பட்டாளத்துக்கு பூட்ஸ் ஆச்சு. அப்புறம் தென்னாப்பிரிக்கா வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் வந்துச்சு. ஆவாரையைத் தேட ஆளில்லை.

வெட்டுனா தூர்லருந்து மறுபடி துளிர்க்கிற செடி இது. அதனாலதான் அத்தனை வெட்டையும் தாங்குச்சு. பிளாட் போடுறோம்னு பொக்லைன் வச்சு வேரோட பிடுங்கினா எங்கிட்டுத் துளிர்க்கும்? இப்போ பொங்கலுக்கு நாங்களே சந்தையில காசு குடுத்துக் கட்டு வாங்குறோம்.

ஊருக்கு வந்தா காய்ஞ்ச நெத்து நாலு பறிச்சுட்டுப் போங்க. விதைத்தோல் கெட்டி, லேசா உரசி, ஒரு ராத்திரி ஊறவச்சு, வெயில் படுற இடத்துல ஊன்றுங்க.