கட்டியவர் காணாத கூரை

(இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று திருஅவை விழா எடுப்பது ஒரு புனிதருக்கு அல்ல, ஒரு கோவிலுக்கு. உரோமை நகரிலுள்ள இலாத்தரன் பேராலயம் 324-ஆம் ஆண்டு நேர்ந்தளிக்கப்பட்ட நாளை உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர் நினைவுகூருகிறோம். உரோமையின் ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் தலைமைக் கோவில் இதுவே. 14-ஆம் நூற்றாண்டில் மட்டும் இருமுறை இது தீக்கு இரையானது. இருமுறையும் மீண்டும் எழுப்பப்பட்டது.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் தம்மை ஒரு கட்டடக் கலைஞருக்கு ஒப்பிடுகிறார். அடித்தளம் இட்டவர் அவர். அதன்மேல் கட்டுபவரோ வேறொருவர். தான் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பார் என்பதில் பவுலுக்கு வருத்தம் இல்லை. இந்த மனநிலையை விளங்கிக்கொள்ள, நம் காலத்திலேயே எரிந்து, நம் காலத்திலேயே எழுந்த மற்றொரு பேராலயத்தின் வரலாற்றைச் சிந்திப்போம். அதுதான் பாரிசு நகரின் நோத்ரு தாம் பேராலயம். ‘நம் அன்னை’ என்பதே அப்பெயரின் பொருள்.

அதைக் கட்டத் தொடங்கியவர் மொரிஸ் தெ சுல்லி என்ற ஆயர். எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1163-ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. 1182-இல் தலைமைப் பலிபீடம் நேர்ந்தளிக்கப்பட்டதை அவர் கண்டார். 1196-இல் இறந்தார். இன்று படங்களில் நாம் பார்த்துப் பழகிய முகப்பையும், இரட்டைக் கோபுரங்களையும் அவர் காணவே இல்லை. வேலை முழுமையாக முடியும்போது 14-ஆம் நூற்றாண்டு பாதி கடந்திருந்தது. பாட்டன் செதுக்கிய கல்லின்மேல் பேரன் கல் வைத்தான். அவனுடைய பேரன் கூரை வேய்ந்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அதன்பின் அக்கோவில் படாத பாடு இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், வழிபாடு நிறுத்தப்பட்டு அது ‘பகுத்தறிவுக் கோவில்’ ஆக்கப்பட்டது. முகப்பில் இருந்த யூதா அரசர்களின் 28 சிலைகளைப் பிரான்சு நாட்டு மன்னர்கள் என்று எண்ணித் தலைகளை வெட்டினார்கள். பழுதடைந்து கிடந்த அப்பேராலயத்தின்மீது விக்டர் ஹியூகோ 1831-இல் எழுதிய புதினம் மக்கள் பார்வையைத் திருப்பியது. அதன்பின் வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைச் சீரமைத்து, 96 மீட்டர் உயரத்திற்கு ஓர் ஊசிக்கோபுரத்தையும் எழுப்பினார்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15, புனித வாரத்தின் திங்கள்கிழமை. மாலை 6.20 மணி அளவில் எச்சரிக்கை மணி ஒலித்தது. மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் காவலர் தேடிப் போனது வேறொரு கூரைக்கு. அங்கே தீ இல்லை. சரியான இடம் தெரியவர ஏறக்குறைய அரை மணி நேரம் கடந்துவிட்டது. அதற்குள் தீ கூரையைப் பற்றிக்கொண்டது. அந்தக் கூரையைத் தாங்கிய கருவாலி மரச்சட்டம் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரங்களின் எண்ணிக்கையால் அதைக் ‘காடு’ என்றே அழைத்து வந்தார்கள். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் காய்ந்த மரம் ஒரே மாலையில் சாம்பலானது. ஏறக்குறைய 7.50 மணிக்கு ஊசிக்கோபுரம் சாய்ந்து கோவிலுக்குள் விழுந்தது. நாம் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத் திகைத்தோம். பாரிசு வீதிகளில் மக்கள் முழந்தாளிட்டு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரவில் தீயணைப்புப் படையின் ஆன்ம குருவும், வீரர்களும், பணியாளர்களும் உள்ளே சென்று நற்கருணையையும், ஆண்டவரின் முள்முடி எனப் போற்றப்படும் திருப்பண்டத்தையும் வெளியே கொண்டுவந்தார்கள். மற்றொரு குழுவினர் தீப்பற்றத் தொடங்கிய வடக்குக் கோபுரத்தில் ஏறினார்கள். அங்கே மணிகளைத் தாங்கிய மரச்சட்டம் எரிந்து மணிகள் விழுந்தால், கோபுரமே சரிந்துவிடும் ஆபத்து இருந்தது. அவர்கள் ஏறியதால்தான் கோபுரங்கள் நின்றன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை உள்ளே பார்த்தவர்கள் வியந்தார்கள். கூரை முழுவதும் எரிந்திருந்தும், அதன் கீழே இருந்த கல் வளைவுகள் சில இடங்களில் மட்டுமே உடைந்திருந்தன. பெரும்பகுதி அப்படியே நின்றது. ஊசிக்கோபுரம் விழுந்த இடத்திற்கு மிக அருகில் இருந்த 14-ஆம் நூற்றாண்டு மாதா சுரூபம் உடையாமல் நின்றது. அந்தக் கல் வளைவை அடுக்கிய கொத்தனாரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர் யாரும் கேட்காமலே நேர்மையாகச் செய்த வேலை, 2019-இல் கோவிலைக் காப்பாற்றியது.

சீரமைப்பு எளிதாக நடக்கவில்லை. தீ விபத்துக்கு முன்பே நடந்துவந்த பழுதுபார்ப்பு வேலைக்காக அமைத்திருந்த இரும்புச் சாரத்தின் ஏறக்குறைய 40,000 குழாய்கள் வெப்பத்தில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கயிற்றில் தொங்கியபடி தொழிலாளர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். உருகிய ஈயத்தின் நச்சுத்தூசி எங்கும் படிந்திருந்தது. இடையே பெருந்தொற்று வேறு வந்து வேலையை நிறுத்தியது. 150 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 3,40,000 பேர் கொடுத்த காணிக்கை 84 கோடி யூரோவைத் தாண்டியது. அதில் பெரும் செல்வர்களின் கோடிகளும் இருந்தன. எளியோரின் சில்லறைக் காசுகளும் இருந்தன.

பிரான்சின் காடுகளிலிருந்து ஏறக்குறைய 2,000 கருவாலி மரங்கள் வந்தன. ஊசிக்கோபுரத்திற்காக வெட்டப்பட்டவற்றுள் சில இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவை கன்றாய் இருந்தபோது காத்து வளர்த்தவர், அவை எங்கே போய்ச் சேரும் என்று அறிந்திருக்க முடியாது. தச்சர்கள் முன்னோரைப் போலவே கோடரியால் அந்த மரங்களைச் செதுக்கினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த உத்திரங்கள் கல் வளைவுக்கு மேலே, ஈயக் கூரைக்குக் கீழே இருக்கின்றன. கோவிலுக்குள் நின்று அண்ணாந்து பார்க்கும் யாருக்கும் அவை தெரியா. ஆனாலும் நன்றாகவே செதுக்கினார்கள்.

இந்தப் பணிகளுக்குத் தலைமை ஏற்றவர் ஓய்வுபெற்ற படைத்தளபதி ஜான்-லூயி ஜோர்ஜெலான்; ஆழ்ந்த கத்தோலிக்கர். ஐந்து ஆண்டுகளில் கோவிலைத் திறப்போம் என்று உறுதியாக உழைத்தார். 2023 ஆகஸ்டு மாதம் மலைநடை சென்றபோது விபத்தில் இறந்தார். ஊசிக்கோபுரம் மீண்டும் எழுந்ததை அவர் காணவில்லை. அதன் மரத்தில் அவருடைய பெயரைச் செதுக்கி வைத்தார்கள். உச்சியில் நிற்கும் சேவலுக்குள் திருப்பண்டங்களோடு, பணியில் பங்குகொண்ட ஏறக்குறைய 2,000 பேரின் பெயர்களும் வைக்கப்பட்டுள்ளன. மண்ணில் நிற்கும் யாரும் படிக்க முடியாத பட்டியல் அது. விண்ணை நோக்கிய பட்டியல்.

2024 டிசம்பர் 7 அன்று பேராயர் லோரான் உல்ரிக், எரிந்த கூரையில் எஞ்சிய மரத்தால் செய்த செங்கோலால் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. மறுநாள், அமல உற்பவ அன்னையின் நாளில், புதிய பலிபீடம் நேர்ந்தளிக்கப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, மோசே நாற்பது ஆண்டுகள் மக்களை நடத்திவந்து, நெபோ மலையில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தார். தாவீது ஆண்டவருக்குக் கோவில் கட்ட ஆசைப்பட்டார்; கட்டியவரோ சாலமோன். இறைவனின் வேலையில் இது தோல்வி அல்ல. இதுவே அதன் வழக்கம்.

நாமோ கோவிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் ‘அன்பளிப்பு’ என்று பெயர் எழுதி வைக்கிறோம். அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் எழுத முடியாத வேலைகள் பல நம் பங்கில் உண்டு. ஞாயிறுதோறும் நாலைந்து பிள்ளைகளை வைத்து மறைக்கல்வி சொல்லித்தரும் ஆசிரியர் இருக்கிறார். வெளியூர் போய்க் கோவில் பக்கமே வராத மகனுக்காக இரவுதோறும் செபமாலை சொல்லும் தாய் இருக்கிறார். “நான் செய்ததற்குப் பலன் எதையும் காணோமே” என்று அவர்கள் சோர்ந்துபோவது நமக்குத் தெரியும். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நீங்கள் வைப்பது கல் வளைவு. தீ வரும் நாளில்தான் அது நின்றது தெரியும். அன்று நாம் இல்லாமல் போகலாம்.

நாம் கோவிலைக் கட்டுகிறோம். ஆனால் இறைவன் கட்டும் கோவில் நாமே என்று இன்றைய வாசகம் நினைவூட்டுகிறது. எனவே மன்றாடுவோம்: ஆண்டவரே, யாரும் காணாத இடத்திலும் நேர்மையாகக் கல் வைக்கும் கைகளை எங்களுக்குத் தாரும். முடிவைக் காணாமலே மகிழ்ந்து உழைக்கும் மனத்தைத் தாரும். ஆமென்.