சீவாளி வாயில் இருக்கும்போது

சிவாஜி கணேசனின் உச்சம் எந்தப் படம்? கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்துவிடும். தாத்தா 'பராசக்தி' (1952) கோர்ட் சீன் என்பார். அப்பா 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) என்பார். 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய படமாச்சே! நம்ம செட்டு 'முதல் மரியாதை' (1985) பக்கம். மத்ததெல்லாம் ஓவர் ஆக்டிங் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவோம்.

அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரம். கணேசன் சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மேடையில் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகணும். முகம் தெரியாத தூரத்துக்குக் கையும் தோளும் பேசணும். 'சிவாஜி' என்ற பேரே மேடை கொடுத்ததுதான். அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பேர் அது. 'பராசக்தி'யில் கருணாநிதியின் வசனத்தோடு அந்தக் குரல் திரைக்கு வந்தது. பிறகு இசைத்தட்டு, ரேடியோ, கோயில் திருவிழா ஒலிபெருக்கி என்று ஊரெல்லாம் பரவியது. அந்தத் தலைமுறைக்கு நடிப்பு என்பது பாதி காதால் கேட்கிற சங்கதி.

ஆனால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் இந்த வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும். ஆந்திர எல்லை கிட்டே. தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்குகிற வட்டாரம். தமிழ் வசனத்தின் அழகில் பாதி பிடிபடாத ஒருவருக்கு, சிவாஜி பெரிய நடிகர் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

நான் 'தில்லானா மோகனாம்பா'ளை (1968) காட்டுவேன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கியது. அதில் சிவாஜி நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதாவது, கச்சேரிக் காட்சிகளில் சத்தம் சிவாஜியுடையது இல்லை. சீவாளி வாயில் இருப்பதால் பேசவும் முடியாது. இரண்டு கையும் வாத்தியத்தில். அவருடைய பெரிய ஆயுதங்கள் எல்லாம் பறிபோயாச்சு. மிச்சம் கன்னம், கழுத்து நரம்பு, மூச்சு, கண்.

குத்துப்பட்டு உடம்பு தேறி வந்து வாசிக்கிறார். எதிரே பத்மினி ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறார். சபையில் வாய்விட்டுப் பதில் சொல்ல முடியாது. வித்வானின் கர்வம், வலி, காதல் மூன்றும் அந்தக் கண்ணில் மாறி மாறி வந்துபோகும். மூச்சு ஒரு இடத்திலும் பிசகாது.

'முதல் மரியாதை'யின் அடக்கம் நமக்குப் பழகிய அளவில் இருப்பதால் சட்டென்று பிடித்துவிடுகிறது. சண்முகசுந்தரமோ மேடைக்காரன், நிமிர்வும் முறைப்பும் அப்படியே இருக்கின்றன. மேடைப் பாணியை விடாமலேயே இவ்வளவு நுணுக்கம் முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

சந்தேகம் இருந்தால் அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், ஓவர் ஆக்டிங்கா என்று.