கோதாவின் உள்ளும் புறமும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம் முன்னோர் காடழித்து ரப்பர் நட்ட காலம் அது. ஒப்பந்தத்தை மீறிய கூலிக்குச் சிறை என்றது மலாயாவின் அன்றைய சட்டம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவில் ஒரு வீரரின் வெற்றி, சட்டத்தின் வேறொரு முகத்தைக் காட்டத் தொடங்கிற்று. அவரே குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன்.

1878-இல் கால்வெஸ்டனில் பிறந்த ஜான்சனின் பெற்றோர், அடிமைத்தளையினின்று விடுபட்டவர்கள். கனஎடைப் பட்டம் பெற்ற வெள்ளையர், அப்பட்டத்துக்காகக் கறுப்பினத்தவரோடு மோத மறுத்து வந்தனர். ஜான்சன் சளைக்கவில்லை. 1908 டிசம்பர் 26-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று, அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸை அவருக்கு எதிராக அழைத்து வந்தனர். 1910 ஜூலை 4-இல் ரெனோவில் அவரும் 15-ஆம் சுற்றில் வீழ்ந்தார்.

கலவரம் மூண்டது, உயிர்கள் மாய்ந்தன. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதை 1912-இல் ஒரு சட்டம் தடுத்தது. 1913-இல், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, வெள்ளைப் பெண்ணோடு அவர் கொண்ட உறவைக் குற்றமாகத் தீர்த்தது. ஜான்சன் நாடு நீங்கினார். 1915-இல் ஹவானாவில் பட்டமிழந்தார். 1920-இல் திரும்பிச் சிறை புகுந்தார். 1946-இல் கார் விபத்தில் மறைந்தார். அரசின் மன்னிப்பு வந்ததோ 2018-இல்!

கோதாவினுள் விதி இருவர்க்கும் ஒன்றே. அங்கே அவர் வென்றார். வெளியிலோ விதி நிறம் பார்த்தது; அங்கே சிறைப்பட்டார். தமிழாசிரியர்கள் இவ்வரலாற்றைக் கூறுங்கால், தோள்வலியோடு நிறுத்தாது, இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.