குடியிலிருந்து மீண்டோர் கூட்டம் பிறந்த வரலாறு

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது விடுதலையின் ஆண்டு. அடிமைப்பட்டவன் விடுபட்டுத் தன் குடும்பத்தாரிடம் திரும்பிய ஆண்டு. நம் பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் இல்லங்கள் பலவற்றை இன்னும் விட்டு நீங்காத ஓர் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமென எண்ணுகிறோம். அதுதான் குடி.

குருத்துவப் பணியில் நாம் குடிப்பவர் பலருக்குப் புத்தி சொல்லியிருக்கிறோம். பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறோம். சத்தியத்தை மீறி வந்த ஒருவரைப் பலர் முன்னிலையில் கடிந்தும் கொண்டோம். அதன்பின் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது எது என்பதைப் பின்னாளில் இவ்வரலாற்றிலிருந்தே கற்றுக்கொண்டோம்.

ஒரு தொலைபேசி அழைப்பு

1935-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், சனிக்கிழமை. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் மேபிளவர் ஓட்டல் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் தனியே நின்றிருந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் தொழில் செய்து, குடியால் எல்லாம் இழந்தவர். 1934 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்து குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஆக்ரனுக்கு வந்த தொழில் காரியமோ தோற்றுப்போயிற்று. கூடத்தின் ஒரு கோடியில் மது அருந்துமிடம். மறு கோடியில் தொலைபேசியும் நகரிலுள்ள ஆலயங்களின் பட்டியலும்.

அந்த ஐந்து மாதங்களில் அவர் பல குடிகாரர்களைத் திருத்த முயன்றிருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும் அந்த முயற்சியே தம்மைக் குடிக்காமல் காத்தது என்பதை அந்நேரம் உணர்ந்தார். தமக்காகவே இன்னொரு குடிகாரரைத் தேடினார். பட்டியலைப் பார்த்து வால்டர் டங்க்ஸ் என்ற எபிஸ்கோப்பல் சபைக் குருவை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். அந்த வழியாக ஹென்றியேட்டா சைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அம்மையாரின் வீட்டிற்கு டாக்டர் ராபர்ட் ஸ்மித் வந்தார். அறுவைச் சிகிச்சை மருத்துவர். செபக் கூட்டங்களுக்குச் சென்றும் குடியை விட முடியாதவர். பதினைந்து நிமிடம் போதும் என்று வந்தவர், இரவு பதினொன்று கடந்தே எழுந்தார். பில் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். அதன்பின் ஒருமுறை தவறி விழுந்த டாக்டர், பிறகு மதுவைத் தொடவேயில்லை. அவர் இறுதியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளே, ஏ.ஏ. என வழங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ்’ பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கத்தோலிக்கர் பங்கு

தொடக்கத்தில் இவர்கள் ஆக்ஸ்போர்டு குழு என்ற புரோட்டஸ்டாண்டு இயக்கத்துக்குள் கூடினர். அருகிலுள்ள கிளீவ்லாந்து நகரிலிருந்து வந்தவருள் கத்தோலிக்கர் பலர். அக்குழுவின் வெளிப்படையான பாவ அறிக்கை முறை அவர்களுக்கும் அவர்களின் குருக்களுக்கும் இடைஞ்சலாயிற்று. எனவே 1939 மே மாதம் கிளீவ்லாந்தினர் தனியே கூடத் தொடங்கினர். எந்தச் சபையினரும் மனக்கூச்சமின்றி வந்து அமர வழி பிறந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஆக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, டாக்டர் ஸ்மித்தின் வேண்டுகோளுக்கிணங்கி ஒரு குடிநோயாளியை ‘இரைப்பை அழற்சி’ என்று பதிந்து சேர்த்தார். குடிகாரரை மருத்துவமனைகள் ஏற்காத காலம் அது. தனியறை இல்லாததால், மலர்களை ஒழுங்கு செய்யும் சிற்றறையில் கட்டில் போடப்பட்டது. பின்னர் அங்கே தனி வார்டே உருவாயிற்று. மீண்ட அங்கத்தினர் படுக்கையருகே வந்து பேசுவர். வீடு திரும்புவோருக்குச் சகோதரி திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், முதலில் அதைத் தம்மிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை.

1940-ஆம் ஆண்டின் இறுதியில் சேசு சபைக் குரு எட்வர்டு டௌலிங் நியூயார்க் சென்று பில் வில்சனைச் சந்தித்தார். ஏ.ஏ.யின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையே அவரை ஈர்த்தது. அவர் குடிப்பவரல்லர், பில் கத்தோலிக்கராகவுமில்லை. ஆயினும் இருவரும் இருபது ஆண்டுகள் நெருங்கிய நண்பராயிருந்தனர்.

நமக்குரிய பாடம்

இந்தியாவில் இவ்வியக்கம் 1957-இல் தொடங்கியது. கூட்டத்திற்குக் கட்டணமில்லை. மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தாருக்கென 1951 முதல் ‘அல்-அனான்’ கூட்டங்கள் உள்ளன. கணவர் வர மறுத்தாலும் மனைவி அங்கே செல்லலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். ஆகவே முதலில் மருத்துவரைக் காணவேண்டும்.

அன்று ஆக்ரனில் அழைப்பை ஏற்ற குரு செய்தது சிறு காரியமே: பெயர்களைச் சொன்னார். நாமும் அதையாவது செய்யக் கடமைப்பட்டவர்கள். அருகில் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஏ.ஏ. கூட்டம் என்பதைப் பங்கு இல்லத்தில் கேட்பவருக்குச் சொல்வோம். காரணம் கேட்கமாட்டோம். தனியே செல்லக் கூசுபவரோடு வாசல்வரை நாமும் வருவோம். நாம் கடிந்துகொண்ட அந்தச் சகோதரர் இம்மலரை வாசிப்பாராயின், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். பங்கு இல்லத்தின் கதவு அவருக்கு எந்நேரமும் திறந்திருக்கும்.