பேறுகாலமும் சபர் காலமும்: கடல் கடந்த குடும்பங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்



நமது முன்னோர்கள் கடல் கடந்து சென்று வாணிபம் செய்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. 1801-இல் பினாங்கில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826-இல் சிங்கப்பூரில் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அவ்வரலாற்றுக்கு இன்றும் சாட்சி கூறி நிற்கின்றன. சென்றவர்களைப் பற்றியும் அவர்கள் நடத்திய கடைகளைப் பற்றியும் ஆண்டு மலர்களில் பல கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால் அச்சபராளிகளின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுந்த ஒரு கேள்வி அதிகம் எழுதப்படவில்லை. மனைவி கருவுற்றிருக்கிறாள், கணவர் அக்கரையில் இருக்கிறார். பிள்ளை அங்கே பிறப்பதா, இங்கே பிறப்பதா? பயணம் பேறுக்கு முன்னா, பின்னா? பெரியவர்கள் இதனைக் குடும்பக் காரியமாகவே கருதி முடிவு செய்தனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அம்முடிவு ஒரு பிள்ளையின் நாட்டையே தீர்மானிக்கும் முடிவாக மாறிவிட்டது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தாய்வீட்டு வழக்கம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடைபெறுவது தமிழகத்தில் எல்லாச் சமுதாயத்தாருக்கும் பொதுவான வழக்கம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் திருமணத்திற்குப் பின்னரும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்வது மரபாக இருந்து வந்தமையால், அங்கெல்லாம் பிள்ளை பிறப்பதும் வளர்வதும் உம்மா வீட்டில்தான். ஏழாம் மாதத்தில் அழைத்து வருவது, பேற்றுக்குப் பின் நாற்பது நாள் வைத்துப் பார்ப்பது, பிள்ளை தலை நின்ற பின்னரே அனுப்புவது என்னும் முறை, அறிந்த கைகளின் நடுவே தாயையும் சேயையும் காக்கும் நல்ல முறையேயாகும்.

மக்கள் தடையின்றிப் போய்வந்த காலத்தில் இவ்வழக்கத்தால் எவ்விதச் சிக்கலும் எழவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் நீராவிப் படகு ஓடிற்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் சென்று வந்தன. இந்தியா, இலங்கை, மலாயா மூன்றும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தன. பிள்ளை எந்தக் கரையில் பிறந்தது என்று கேட்பார் இல்லை. அதனால் பிறப்பைப் பதிவு செய்வதிலும் நம்மவர் பெரிதாக அக்கறை காட்டவில்லை.

இலங்கை: தந்தை பிறந்த இடம் எது?

முதல் அடி இலங்கையில் விழுந்தது. 1948 பிப்ரவரியில் அந்நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கோ நிபந்தனை இன்னும் கடுமையானது. தந்தை மட்டும் பிறந்திருந்தால் போதாது. தந்தைவழிப் பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் தம் மனைவியைப் பேற்றுக்காக ஊருக்கு அனுப்பினார். பிள்ளை நமது கரையில் பிறந்து, ஓராண்டில் கொழும்புக்குத் திரும்பி, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தொழில் செய்தது. 1948-க்குப் பின் அப்பிள்ளை, அக்கரையில் பிறந்த தம்பியைவிடக் கூடுதலாக ஒரு தலைமுறையின் பிறப்பை நிரூபிக்க வேண்டியதாயிற்று. அத்துடன் நிற்கவில்லை, அப்பிள்ளைக்குப் பிறந்த மக்களும் ‘தந்தை பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் இந்திய ஊரின் பெயரையே எழுத நேர்ந்தது. படகேறிச் சென்ற ஒரு பேறுகாலப் பயணம் இரண்டு தலைமுறைகளைத் தொட்டது.

இலங்கைக் குடிமதிப்பில் ‘இந்தியச் சோனகர்’ என்று தனியே வகுக்கப்பட்ட நம்மவரும், அவர்களினும் பன்மடங்கு தொகையினரான மலையகத் தோட்டத் தொழிலாளரும் இச்சட்டத்தின் கீழ் அகப்பட்டனர். 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. மணமானவருக்கு ஏழாண்டும் மணமாகாதவருக்குப் பத்தாண்டும் இடைவிடாத வாசம் கேட்கப்பட்டது. ஒரு முறைக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால் வாசம் முறிந்ததாகக் கொள்ளப்பட்டது. மனைவி மக்களின் வாசமும் ஆராயப்பட்டது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. சட்டத்தின் நோக்கமே பலரை விலக்குவதாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பேற்றுக்காக ஊருக்கு வந்த மனைவி ஓராண்டைத் தாண்டித் தங்கினாளா என்பதுகூட ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தில் கணக்கிடப்படும் பொருளாயிற்று என்பதே இங்கு நாம் கவனிக்கத்தக்கது.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அவ்வெண்களுடன் ‘அவர்களின் இயற்கைப் பெருக்கமும்’ என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. இன்னும் பிறவாத பிள்ளைகளும் தாய் தந்தையின் கணக்கில் ஏற்றப்பட்டனர் என்பதே அதன் பொருள். எஞ்சியோருக்கான தீர்வு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டத்தின் மூலமே வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் குடியுரிமை வழங்கியது.

மலாயா: நீல அட்டையும் சிவப்பு அட்டையும்

மலாயாவில் கதவு படிப்படியாக மூடப்பட்டது. 1953 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரைக் கட்டுப்படுத்தியது. அங்கே வாழ்ந்தவர்களின் மனைவி மக்களுக்கு மட்டும் வழி இருந்தது. 1959-இல் வந்த திருத்தம் அவ்வழியையும் சுருக்கிற்று. கணவரைத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பிரிந்து வாழ்ந்த மனைவியருக்கும், ஆறு வயதை எட்டிய பிள்ளைகளுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒரு முறை கணவர் ஊர் வந்து போக, மனைவி ஊரிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது என்ற நம் சபர் முறைக்கு இது பேரிடியாயிற்று. ‘பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு போகலாம்’ என்று காத்திருந்த தாய்மார்கள், அவ்வளர்ச்சியே தடையாகிவிட்டதைக் கண்டனர்.

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா விடுதலை அடைந்தது. அன்று முதல் 1962 செப்டம்பர் முடிய அம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கோ வேறு விதி. தந்தை குடிமகனாக இருப்பதோடு அவரும் மலாயாவில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் ஓராண்டுக்குள் அந்நாட்டுத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

நமதூரில் பிறந்து, மலாயா சென்று, பதிவின் மூலம் குடியுரிமை பெற்ற ஒரு தந்தையை நினைத்துக்கொள்வோம். பினாங்கில் பிறந்த அவருடைய மகனுக்கு நீல அடையாள அட்டை. உம்மா வீட்டில் பிறந்து, ஓராண்டுக்குள் பதியப்படாத மற்றொரு மகனுக்கு அவ்வுரிமை இல்லை. நிரந்தரவாசியாக நுழைவு கிடைத்தால் சிவப்பு அட்டை மட்டுமே. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அப்போதுதான் அட்டையின் நிறம் எத்தகையது என்பது பலருக்கு உறைத்தது. ஒரே தாயின் மக்கள் இரு நாட்டவராகப் பிரிந்த கதை இவ்வாறே எழுந்தது.

தாயின் குடியுரிமை நெடுங்காலம் கணக்கில் கொள்ளப்படவே இல்லை. வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் வாழ்ந்த மலேசியப் பெண்கள், பிள்ளை குடியுரிமை பெற வேண்டும் என்பதற்காகவே நிறைமாதத்துக்கு முன் தாயகம் திரும்பினர். 2020-இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது அப்பயணமும் அரிதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தாய்மார்கள் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இறுதியில் 2024 அக்டோபரில் மலேசிய மக்களவை, தாய்க்கும் இவ்வுரிமையை வழங்கும் அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. சிங்கப்பூர் இதனை 2004-லேயே செய்துவிட்டது.

நமது நாட்டுச் சட்டம்

இந்தியச் சட்டமும் காலத்துக்குக் காலம் மாறியே வந்துள்ளது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் பொதுவாக இந்தியக் குடிமகனே. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3-க்குப் பின் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு 1992 டிசம்பர் 10 வரை தந்தை வழியாக மட்டுமே இந்தியக் குடியுரிமை வந்தது. அதன் பின்னர் தாய் வழியாகவும் வருகிறது. ஆனால் 2004 டிசம்பர் 3 முதல், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவை.

இங்கே ஓர் ஒற்றுமை நம் கண்ணில் படுகிறது. 1948-இல் இலங்கையும், 1957-இல் மலாயாவும், 2004-இல் இந்தியாவும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பதிவுக்கு வைத்த முதல் தவணை ஒன்றே, அது ஓராண்டு. நாற்பது நாளை நாம் தவறாமல் எண்ணினோம். அரசாங்கம் எண்ணிய அந்த ஓராண்டை எண்ணினோம் இல்லை.

வளைகுடாவின் கணக்கு

1970-களுக்குப் பின் நம் சபர் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பியது. அங்கே பிறப்பதால் நம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. எனவே எங்கே பிறப்பது என்ற கேள்வி, எப்போது பயணம் செய்வது என்ற கேள்வியாக மாறியது. இதில் மூன்று கணக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

முதலாவது, விமானத்தின் கணக்கு. 28 வாரம் கடந்த கர்ப்பிணியிடம் மருத்துவர் சான்று கேட்பது பரவலான நடைமுறை. 36 வாரத்திற்குப் பின் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிச் செல்வதில்லை.

இரண்டாவது, விசாவின் கணக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில், ஆறு மாதங்கள் தொடர்ந்து வெளியே தங்கினால் வதிவிட அனுமதி பொதுவாகக் காலாவதியாகிவிடும். ஏழாம் மாதத் தொடக்கத்தில் ஊர் வரும் பெண்ணுக்குப் பேறு வரை ஏறக்குறைய மூன்று மாதம். பின்னர் நாற்பது நாள். எஞ்சுவது இரண்டு மாதம்கூட முழுமையாக இல்லை. அதற்குள் பிறப்புச் சான்று, பிள்ளையின் பாஸ்போர்ட், பிள்ளைக்கான விசா அனைத்தும் முடிய வேண்டும். சான்றில் பெயர் எழுத்து ஒன்று பிழையானாலும் தாயின் விசா முடிந்துவிடும் நிலை வரலாம்.

மூன்றாவது, எவரும் எதிர்பாராத காலத்தின் கணக்கு. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது, பேற்றுக்காக ஊர் திரும்ப நாள் குறித்திருந்த கர்ப்பிணிகள் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. மே 7 முதல் இயங்கிய ‘வந்தே பாரத்’ விமானங்களில் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது.

நாம் செய்யத்தக்கவை

தாய்வீட்டுப் பேறு கூடாது என்பதன்று நமது கருத்து. தாயின் உடல்நலமே எல்லாவற்றிலும் முதன்மையானது. மருத்துவர் பயணம் வேண்டாம் என்றால் எந்தச் சட்டத்துக்காகவும் எந்தச் சலுகைக்காகவும் பயணம் செய்தல் ஆகாது. ஆனால் இருந்தாலும் புறப்பட்டாலும், அம்முடிவோடு எழுத்துப் பணியும் உடன் நடைபெற வேண்டும் என்பதையே வரலாறு நமக்குக் கூறுகிறது.

பிறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்வது நமது நாட்டில் சட்டப்படி எளிய காரியம். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தோருக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவும் ஆவணமாகப் பிறப்புச் சான்றையே சட்டம் கொள்கிறது. பெற்றோர் பெயர்கள் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் உள்ளவாறே அதில் அமைதல் வேண்டும். திருமணமும் அவ்வாறே. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகத்தில் திருமணப் பதிவு கட்டாயம். பள்ளிவாசல் தப்தரில் கையெழுத்திட்டதோடு நின்றுவிடாமல் அரசுப் பதிவையும் உடனே முடித்துவிட்டால், பின்னர் பிள்ளையின் ஆவணங்களுக்காக அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவதைத் தந்தையின் முதற்கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். சட்டங்கள் மாறும் இயல்புடையன. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னரே உரிய தூதரகத்தில் கேட்டுத் தெளிதல் நன்று.

வீட்டில் பழைய பெட்டிகளில் கிடக்கும் மூத்தோரின் பிறப்புச் சான்று, கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட், அடையாள அட்டை ஆகியவற்றை எறிந்துவிட வேண்டாம் என்றும் ஜமாஅத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, இலங்கையில் 39 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளே உரிமையின் அளவுகோலாயிற்று. தந்தையும் பாட்டனும் எங்கே இருந்தனர் என்று காட்டும் ஒரு துண்டுத்தாள், இன்று பிறக்கும் பிள்ளைக்கு என்றேனும் பயன்படக்கூடும்.